புரோபயாடிக் டப்பாவை வாங்கும் முன்

போன வருடம் பங்குனியில் அம்மாவின் காலில் வேலமுள் ஏறிவிட்டது. வெங்காயக் காட்டில் களை எடுக்கப் போன இடத்தில் நடந்தது. மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். நாலாம் நாள் கால் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. டவுனில் ஒரு மருத்துவமனையில் கீறி எடுத்து, 10 நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். கால் நன்றாகத்தான் ஆறியது. மாத்திரை முடியப் போகிற 9ஆம் நாள் வயிறு போக ஆரம்பித்தது. முதல் நாள் 3 தடவை, அடுத்த நாள் 6, அப்புறம் கணக்கு வைக்க முடியவில்லை.

நான் 15 வருடமாக ஜீவாமிர்தம் ஊற்றுகிறவன். பயிற்சி முகாம்களில் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவன். எனக்குக் கணக்கு சுலபமாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக் குடலில் இருந்த நல்ல நுண்ணுயிரை எல்லாம் கொன்றுவிட்டது, ரசாயனம் போட்ட காடு மாதிரி ஆகிவிட்டது, நல்ல நுண்ணுயிரை உள்ளே விட்டால் சரியாகிவிடும். மாமன் முறையில் ஒருவர் சத்து மாத்திரை ஏஜென்சி எடுத்திருக்கிறார். அவரிடம் போய் 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினேன். 12 வகை நுண்ணுயிர், ஒரு கேப்சூலில் 5,000 கோடி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வெயில் படும் கண்ணாடி அலமாரியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். நானும் கொண்டுவந்து சிமெண்ட் அட்டை போட்ட அறையில் வைத்தேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று 5 நாள் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலையில் அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், முந்தின ராத்திரியிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றார். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எத்தனை நாளா போகுது?" என்றார் மருத்துவர்.

"ஆறு நாளாச்சுங்க."

"ஆறு நாளா என்ன பண்ணீங்க?"

டப்பாவைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன ரகம்னு எங்காவது போட்டிருக்கா? எந்த நோய்க்குன்னு போட்டிருக்கா?" போட்டிருக்கவில்லை. "உப்பு சர்க்கரைத் தண்ணியாவது குடுத்தீங்களா?" கொடுத்திருந்தேன், ஆனால் கேப்சூல் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் அதைப் போதுமான அளவு கொடுக்கவில்லை.

மலத்தைச் சோதித்ததில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி என்று வந்தது. நம் மாடுகளுக்குச் சப்பை நோய் கொண்டுவரும் கிருமிக்கு இது சொந்தக்காரன். குடலில் மற்ற நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கிற வரைக்கும் இதற்குத் தலைதூக்க இடம் கிடைக்காது. ஆன்டிபயாடிக் இடத்தைக் காலி செய்து கொடுத்ததும் பெருகி, நஞ்சை விடும். வயதானவர்களுக்கு உயிர் ஆபத்து வரை போகும். அதற்கென்று தனி மருந்து கொடுத்து, 4 நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். முழுசாகத் தேற ஒரு மாதம் ஆனது.

எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அசோஸ்பைரில்லம் வாங்கப் போனால் பொட்டலத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். தயாரித்த தேதி, காலாவதி தேதி, எந்தப் பயிருக்கு, ஒரு கிராமில் எத்தனை செல், கடைக்காரர் அதை எங்கே வைத்திருந்தார், எல்லாம் பார்ப்பேன். பூச்சிமருந்து மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் கிடந்தால் வாங்க மாட்டேன். அம்மாவின் வாயில் போடுகிற பொருளுக்கு இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், அந்த மருத்துவரைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்து கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் இயக்கத்தில் நுண்ணுயிர் என்றாலே நல்லது என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

குடும்பப் பெயர் போதாது, ரகம் வேண்டும்

புரோபயாடிக் என்றால் என்ன என்பதற்கு, உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் அர்ஜென்டினாவில் வல்லுநர்களைக் கூட்டி ஒரு வரையறை சொன்னார்கள். உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் கொடுக்க வேண்டும், கொடுத்தால் உடலுக்கு நன்மை விளைய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் புரோபயாடிக். செத்துப் போயிருந்தாலோ, நாலே நாலு இருந்தாலோ, நன்மை செய்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்காமல் இருந்தாலோ அந்தப் பெயர் பொருந்தாது.

நன்மை என்பது ரகத்தைப் பொறுத்தது. இங்கேதான் நான் ஏமாந்தேன். நெல் என்றால் எல்லாம் நெல்தான், ஆனால் ஆடுதுறை 36ஐயும் மாப்பிள்ளைச் சம்பாவையும் ஒரே பட்டத்தில் ஒரே வயலுக்கு யாராவது சொல்வார்களா? நுண்ணுயிருக்கும் அப்படித்தான். பேசில்லஸ் என்ற ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நமக்குப் பழக்கமான குடும்பம்தான். பேசில்லஸ் சப்டிலிஸ் விதை நேர்த்திக்குப் போடுகிறோம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் புழுவுக்குத் தெளிக்கிறோம். பேசில்லஸ் கிளாசி, வயிற்றுப்போக்குக்குச் சின்னக் குப்பியில் மருந்துக்கடையில் கிடைக்கிறது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் பல கேப்சூல்களில் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் வளர்ந்து வாந்தி எடுக்க வைக்கும். பேசில்லஸ் ஆந்த்ராசிஸ்தான் மாட்டைக் கொல்லும் அடைப்பான். வீட்டுப் பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இனத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் ரகம் மாறினால் குணம் மாறும். முதல் உலகப் போரின்போது, 1917இல், ஜெர்மனியில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற மருத்துவர் ஒரு சிப்பாயைக் கவனித்தார். கூட இருந்தவர்களுக்கு எல்லாம் சீதபேதி வந்தபோது அவருக்கு மட்டும் வரவில்லை. அவருடைய மலத்திலிருந்து ஒரு ஈ.கோலை ரகத்தைப் பிரித்தெடுத்தார். அந்த ரகம் ஈ.கோலை நிஸ்லே 1917 என்ற பெயரில் இன்றைக்கும் சில நாடுகளில் மருந்தாக இருக்கிறது. குடிதண்ணீரில் இருந்தால் நாம் பயப்படுகிற அதே ஈ.கோலைதான் இனம்.

ஆகவே டப்பாவில் பெயர் மூன்று துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் துண்டு குடும்பம், இரண்டாவது இனம், மூன்றாவது ரகத்தின் எழுத்தோ எண்ணோ. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்பது முழுப் பெயர். 1980களில் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டெடுத்ததால் அவர்கள் பெயரின் முதலெழுத்து அதில் நிற்கிறது. உலகத்தில் அதிகம் சோதிக்கப்பட்ட ரகங்களில் அது ஒன்று. (2020இல் இந்தக் குடும்பத்தையே பல பங்காகப் பிரித்துப் பெயர் மாற்றிவிட்டார்கள். அதனால் லாக்டிகேசிபேசில்லஸ் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அதே ஆள்தான்.) ஜிஜிக்குக் கிடைத்த நல்ல பெயரை, வெறும் ராம்னோசஸ் என்று மட்டும் போட்டிருக்கும் டப்பா கடன் வாங்கிக்கொள்கிறது. நான் வாங்கியதில் 12 பெயர் இருந்தது, ஒன்றுக்குக்கூட மூன்றாவது துண்டு இல்லை. 12 வகை என்பதைப் பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகிறதா என்று யாராவது சோதித்திருந்தால்தான் அதில் அர்த்தம். வகை கூடினால் பலன் கூடும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எண்ணிக்கையும் வெயிலும்

எண்ணிக்கையை சி.எஃப்.யு. என்று போடுவார்கள். தட்டில் வளர்த்தால் கூட்டமாகப் பெருகும் அளவுக்கு உயிர்ப்போடு இருப்பவற்றின் கணக்கு அது. பில்லியன் என்று போட்டிருந்தால் 100 கோடி என்று படியுங்கள். நம் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பொடியாக வரும் அசோஸ்பைரில்லத்தில் கிராமுக்கு 5 கோடி செல்லும், திரவத்தில் மில்லிக்கு 10 கோடியும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோபயாடிக் உணவுக்குக் கேட்பது ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி. அதாவது நம் திரவ உயிர் உரம் ஒரு மில்லியில் இருக்கிற அளவு! ஆனால் பலன் தெரிந்த மருத்துவ ஆய்வுகள் பலவற்றில் நாளைக்கு 500 கோடி, 1,000 கோடி என்று கொடுத்திருக்கிறார்கள். குறைந்தபட்சச் சட்ட அளவும் பலன் தரும் அளவும் ஒன்றல்ல.

அந்த எண் எந்த நாளுக்கானது என்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தயாரிக்கும்போது 5,000 கோடி என்று சிலர் போடுவார்கள். காலாவதி நாள் வரைக்கும் இவ்வளவு இருக்கும் என்று சிலர் போடுவார்கள். இரண்டாவது சொல்தான் நமக்குப் பயன்படும். உலர்த்திய லாக்டோபேசில்லஸ், பிஃபிடோ வகையெல்லாம் சூட்டிலும் ஈரத்திலும் நாளுக்கு நாள் செத்துக்கொண்டே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தால், கடையிலும் அப்படித்தான் வைத்திருந்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பேசில்லஸ் வகை வித்தாக உறங்குவதால் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். நம் ஊர் பங்குனி, சித்திரைக்கு அது ஒரு வசதி. ஆனால் தாங்குவது வேறு, நோய்க்குக் கேட்பது வேறு. எதுவானாலும் டப்பாவின் மூடியைத் திறந்தே வைக்காதீர்கள். அதில் போட்டிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். சுடுகாப்பியோடு விழுங்காதீர்கள்.

என் பையன் அந்த டப்பாவில் மிச்சமிருந்ததில் ஒன்றை உடைத்து வெதுவெதுப்பான பாலில் போட்டு வைத்தான். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் வீட்டுத் தயிர் ஒரு சொட்டு. மறுநாள் ஒன்று தயிர், மற்றது பால். எனக்கு அப்போது ரொம்பக் கோபம் வந்தது. ஆனால் இது நம்பத்தக்க சோதனை இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஈஸ்ட் வகை பாலை உறைய வைக்காது, வேறு சில நல்ல ரகங்களும் ஒரே ராத்திரியில் உறைய வைக்காது. நீங்களும் இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

டப்பாவில் 14 இலக்க உணவு உரிமம் எண் இருந்தால் அது உணவுப் பொருள், மருந்து அல்ல. உணவுப் பொருளாக விற்பவர் நோயைக் குணமாக்கும் என்று சொல்லவே கூடாது. சர்க்கரை, முட்டு வலி, தோல் வியாதி எல்லாவற்றுக்கும் ஒரே கேப்சூல் என்று துண்டறிக்கை கொடுத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இப்போது வாங்க மாட்டேன், மாமன் முறை ஆனாலும் சரி.

எதற்கு, யாருக்கு

கடையில் போய் நல்ல புரோபயாடிக் ஒன்று கொடுங்கள் என்று கேட்பது, நல்ல உரம் ஒன்று கொடுங்கள் என்று கேட்பது மாதிரி. என்ன பயிர், என்ன குறை என்று சொல்ல வேண்டாமா?

ஓரளவு நல்ல சான்று இருப்பது ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில்தான். தடுப்பது என்று சொல்கிறேன், வந்த பிறகு நிறுத்துவது என்று சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் தொடங்கி ஓரிரு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் தெரிகிறது. நான் 9 நாள் கழித்துப் போனேன். நோய் முற்றிய பிறகு சூடோமோனாஸ் தெளித்த கதை.

இந்த வேலைக்கு அதிகம் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று பாக்டீரியாவே அல்ல, சாக்கரோமைசஸ் போலார்டி என்ற ஈஸ்ட். 1920களில் ஆன்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, அங்கே சிலர் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலில் கசாயம் வைத்துக் குடித்துத் தப்பிப்பதைப் பார்த்து, அந்தத் தோலிலிருந்து இதைப் பிரித்தார். நாட்டு மக்களின் பழக்கத்திலிருந்து வந்தது என்பதால் எனக்கு இதன் மேல் ஒரு பாசம் உண்டு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்டைத் தொடாது. அதனால் இதைக் கூடவே கொடுக்கலாம். பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஆனால் பூஞ்சைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த ஈஸ்டால் பயனில்லை. டிரைக்கோடெர்மாவையும் பூஞ்சைக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலக்க மாட்டோம் அல்லவா?

மற்ற வயிற்றுக் கோளாறுகளுக்கு நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020இல் ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது. சும்மா சாப்பிட்டு வைத்தால் கெடுதல் இல்லை என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையம் 2018இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் பல ரகம் கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, ஒன்றும் எடுக்காதவர்களைவிடத் தங்கள் பழைய குடல் நுண்ணுயிர்க் கூட்டம் திரும்பி வர அதிக நாள் பிடித்தது. வெளியிலிருந்து வந்தவன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரனை உள்ளே விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் ஆள் குறைவு, அதனால் அதையே வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. அதில் புரோபயாடிக் கொடுத்த பக்கம் 24 பேர் இறந்தார்கள், கொடுக்காத பக்கம் 9 பேர். ஆகவே புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள், கழுத்திலோ மார்பிலோ நரம்பு வழியாகக் குழாய் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள், இவர்கள் யாருக்கும் வீட்டில் நாமாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. நல்ல நுண்ணுயிரும் ரத்தத்தில் கலந்தால் கிருமிதான்.

எதிர்ப்பக்கமாக, நம் நாட்டில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாழ்க்கையின் முதல் சில நாட்களில், ஒரு வாரத்துக்கு, லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் இனத்தில் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ரகத்தைக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமித் தொற்றும் மரணமும் சேர்ந்த கணக்கு அந்தப் பிரிவில் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. 2017இல் வெளிவந்து உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு. பல ரகங்களைச் சோதித்து, குழந்தையின் குடலில் தங்கக்கூடிய ஒன்றைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் இதைச் செய்தார்கள். கொடுத்த குழந்தைகள் தாய்ப்பால் குடிப்பவை, ஓரளவு எடை உள்ளவை. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் வாங்கிப் பச்சைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. நுண்ணுயிரை மட்டும் தனியாகக் கொடுக்கவில்லை. அதற்குத் தீனியாக, நம்மால் செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரையையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

மூடாக்கு இல்லாத காட்டில் ஜீவாமிர்தம்

வெறும் மண்ணில் ஜீவாமிர்தம் ஊற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மூடாக்கு வேண்டும், தின்ன ஏதாவது வேண்டும், அப்போதுதான் அது தங்கும். கேப்சூல் நுண்ணுயிரும் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தின சில நாளிலோ சில வாரத்திலோ குடலை விட்டுப் போய்விடும். நிரந்தரமாகக் குடியேறாது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற கூட்டத்துக்குத் தீனி போடுவதுதான் நாள்தோறும் செய்யக்கூடிய வேலை. அந்தத் தீனி நார்ச்சத்து. சின்ன வெங்காயம், பூண்டு, தட்டைப்பயறு, கொள்ளு, அவரை, கீரை, வாழைக்காய், கம்பு, ராகி. ஆறின சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், பழைய சோற்றில் அதுவும் கிடைக்கிறது. நாம் விளைவிக்கிற பொருள்தான் எல்லாம். விற்றுவிட்டு வீட்டில் தீட்டிய வெள்ளைச் சோறும் பாக்கெட் பிஸ்கட்டும் சாப்பிடுகிறோம் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். மாட்டுக்குத் தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் கழியும். நமக்கும் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றலாம். குடல் எரிச்சல் நோய் இருப்பவர்கள் சிலருக்கு வெங்காயமும் பயறுமே ஒத்துக்கொள்ளாது, அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும்.

தயிர், மோர், நீராகாரம், புளித்த கம்மங்கூழ் இவற்றில் உயிருள்ள நுண்ணுயிர் இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதில் இருக்கும் நுண்ணுயிர் பால் சர்க்கரையைச் செரிக்க உதவுவதால்தான். இட்லி மாவிலும் இருக்கிறது, ஆனால் வேக வைத்தால் செத்துவிடும். இட்லி நல்ல உணவு, உயிருள்ள நுண்ணுயிருக்காக அதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்வது சரியில்லை. இன்னொன்றும் நம் ஆட்களுக்குக் கசக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை மோரில் இருக்கும் ரகம் மாறும், எண்ணிக்கை மாறும். ஆகவே மோர் நல்ல உணவு, ஆனால் இன்ன நோய்க்கு இன்ன அளவு என்று அதை மருந்தாகச் சொல்ல முடியாது. எங்கள் முகாம்களில் நீராகாரம் எல்லா நோயையும் போக்கும் என்று மைக்கில் சொல்கிறோம். என் மாமன் கொடுத்த துண்டறிக்கைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நீராகாரத்துக்குக் கூடச் சோறு ஆறினதும் நல்ல தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். வெறும் சோறாகச் சூட்டில் நாள்முழுதும் கிடந்தால் முன்னே சொன்ன பேசில்லஸ் சீரியஸ் வளரும், அது விட்ட நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் வேலை ஓ.ஆர்.எஸ். தண்ணீர், போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு அதோடு துத்தநாக மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோதோ, முடித்து ஓரிரு மாதத்துக்குள்ளோ ஒரு நாளைக்கு 3 தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் அந்த விவரத்தைத் தவறாமல் சொல்லுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், உள்ளே நஞ்சு தங்கிவிடும். அம்மாவுக்கு வந்த கிருமி வித்து விடும் வகை. சானிடைசரில் சாகாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாதம் கழிப்பறையை பிளீச்சிங் தண்ணீர் விட்டுக் கழுவினோம்.

ஐப்பசியில் என் மனைவிக்குப் பல் வேர் வீங்கி ஆன்டிபயாடிக் எழுதினார்கள். அன்றைக்கே கேட்டேன், கூட ஏதாவது வேண்டுமா என்று. மருத்துவர் அந்த ஈஸ்ட் கேப்சூல் 250 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் சில நாள் சாப்பிடச் சொன்னார். மருந்துக்கடையில் பெயர், தேதி, வைத்திருந்த இடம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். கடைப் பையன் "அண்ணா, இது மாத்திரைங்க, விதை நெல்லு இல்ல" என்று சிரித்தான். மனைவிக்கு வயிறு ஒன்றும் ஆகவில்லை. கேப்சூலால்தான் ஆகவில்லையா, இல்லாவிட்டாலும் ஆகியிருக்காதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு பாத்தி, பக்கத்தில் ஒன்றும் போடாமல் விட்ட பாத்தி இல்லை.